ஃபார்மட் அடிக்கும் முன்: வன்தட்டின் கதையும் நம் பினாங்கும்

பள்ளிக் கணினி கொஞ்சம் மெதுவானால் போதும், “ஃபார்மட் அடிச்சிடுங்க சார், புதுசு மாதிரி ஆயிடும்” என்று யாராவது சொல்லிவிடுவார்கள். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் வழங்கிவந்த பொது ஆதரவு முடிந்துவிட்டது. அதனால் இந்த ஆலோசனை இப்போது இன்னும் அதிகமாகவே காதில் விழுகிறது. ஃபார்மட் என்பது உண்மையில் என்ன, அந்த வேலை எங்கிருந்து வந்தது, அதில் தமிழாசிரியர்களாகிய நாம் மட்டும் கூடுதலாக எதை இழக்கிறோம்? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

முதல் வன்தட்டு 1956இல் வந்தது. ஐபிஎம் நிறுவனத்தின் ராமாக் என்ற கணினியோடு வந்த அந்தக் கருவியில் இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. எடை ஒரு டன்னுக்கு மேல். அதில் அடங்கியது 5 மில்லியன் எழுத்துகள்தான். இன்று கைப்பேசியில் ஒரு நல்ல படம் எடுத்தாலே அந்த இடம் தீர்ந்துவிடும்! 1980இல் சீகேட் நிறுவனம் 5 மெகாபைட் கொண்ட எஸ்டி-506 வன்தட்டைச் சிறு கணினிக்குள் பொருந்தும் அளவுக்குச் சுருக்கியது. 1983இல் ஐபிஎம் எக்ஸ்டி கணினி 10 மெகாபைட் வன்தட்டோடு விற்பனைக்கு வந்தது. ஏ, பி என்ற இரண்டு எழுத்துகளையும் நெகிழ்தட்டுகள் ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருந்ததால், வன்தட்டுக்கு சி என்ற எழுத்து கிடைத்தது. நெகிழ்தட்டைக் கண்ணால்கூடப் பார்த்திராத நம் மாணவர்களும் இன்று ‘சி டிரைவ்’ என்றுதான் சொல்கிறார்கள்.

புதுத் தட்டு என்பது கோடு போடாத நோட்டு மாதிரி. அதில் வட்ட வட்டமாகத் தடங்கள் போட்டு, ஒவ்வொரு தடத்தையும் கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். இது முதல் வேலை. பிறகு எந்தக் கோப்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லும் பொருளடக்கம் ஒன்றை எழுத வேண்டும். இது இரண்டாவது வேலை. இரண்டையுமே ஃபார்மட் என்ற ஒரே சொல்லால் அழைத்ததால்தான் இன்றுவரை இவ்வளவு குழப்பம்.

எண்பதுகளில் முதல் வேலையையும் கணினி வாங்கியவரே செய்தார். தட்டில் பழுதான இடங்களின் பட்டியலை வன்தட்டின் மேலேயே ஒட்டி அனுப்புவார்கள். அதைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து, ‘இங்கே எழுதாதே’ என்று கணினிக்குச் சொல்ல வேண்டும். பொறுமை உள்ளவர்களுக்கான காலம் அது. எண்பதுகளின் நடுவில் ஐடிஇ முறை வந்தது. கட்டுப்படுத்தும் மின்சுற்று வன்தட்டோடேயே சேர்ந்துவிட, கோடு போடும் வேலை வீட்டிலிருந்து ஆலைக்குப் போனது.

அந்த ஆலைகளில் சில நம் வாசலுக்கே வந்தன என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி.

பினாங்கு 1969இல் தீர்வையற்ற துறைமுகம் என்ற தகுதியை இழந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. முதலமைச்சர் லிம் சோங் இயூ காலத்தில், 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கப்பட்டது. இன்டெல், ஏஎம்டி, ஹிட்டாச்சி, போஷ் உட்பட முதலில் வந்த எட்டு நிறுவனங்களை ‘எட்டு சாமுராய்கள்’ என்று இன்றும் சொல்வார்கள். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் வன்தட்டு நிறுவனங்கள் வந்து சேர்ந்தன. சீகேட் வந்தது. சீகேட்டைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஃபினிஸ் கானர் பிரிந்துபோய் நடத்திய கானர் பெரிஃபெரல்ஸ் வந்தது. தட்டுகளை மட்டுமே செய்த கோமாக் வந்தது. 1996இல் கானர் சீகேட்டுக்குள் கலந்தது. 2007இல் கோமாக்கை வெஸ்டர்ன் டிஜிட்டல் வாங்கிக்கொண்டது.

நம் கெலுகோர், ஜார்ஜ்டவுனுக்கும் பாயான் லெப்பாஸுக்கும் நடுவில் இருக்கிறது. 1969இல் தொடங்கிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இங்கேதான், பழைய மிண்டன் படைமுகாமில் இருக்கிறது. 1985இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலம் தீவில் கரையேறுவதும் இங்கேதான். அப்புறம் அந்தக் கரையிலிருந்து தொழிற்சாலைப் பேருந்துகள் இந்த வழியாகவே வந்தன. அவற்றில் வந்த பெண்களில் நம் தமிழ்ப் பெண்களும் உண்டு. தலை முதல் கால்வரை மூடிய வெள்ளை உடையில், ஒரு தூசுகூட விழக்கூடாத அறையில் அவர்கள் வேலை செய்தார்கள். உங்கள் வகுப்பில் கேட்டுப் பாருங்கள், யாராவது ஒருவரின் பாட்டியோ அத்தையோ ‘ஃபேக்டரி’யில் வேலை செய்திருப்பார். வாய்மொழி வரலாற்றுச் செயல்திட்டத்துக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடைப்பது கஷ்டம்.

சரி, இன்று நாம் ‘ஃபார்மட்’ பொத்தானை அழுத்தினால் நடப்பது என்ன? அந்த இரண்டாவது வேலை மட்டும்தான். ‘குவிக் ஃபார்மட்’ பழைய பொருளடக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை எழுதுகிறது. பக்கங்கள் அப்படியே இருக்கும். அதனால்தான் மீட்பு மென்பொருளால் கோப்புகளைத் திரும்ப எடுக்க முடிகிறது. முழு ஃபார்மட் என்றால், விண்டோஸ் விஸ்டாவிலிருந்து தட்டு முழுவதும் பூஜ்யம் எழுதப்படுகிறது. அதற்கு முன்பு எக்ஸ்பியில் முழு ஃபார்மட்கூடப் பழுதான இடங்களைத் தேடியதே தவிர, உள்ளே இருந்ததை அழிக்கவில்லை. மாணவர் விவரங்கள் இருந்த பழைய வன்தட்டைத் தானம் கொடுக்கும்போது இதை நினைவில் வையுங்கள். சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி வேறு மாதிரி. அதில் ‘குவிக் ஃபார்மட்’ செய்தாலே பெரும்பாலும் கோப்புகள் போனது போனதுதான்.

இனி நம் பிரச்சினை. ஓர் இடைநிலைப்பள்ளியில் கணினிக் கூடத்தைப் புதுப்பித்தபோது, பொறுப்பாளர் கவனமாக எல்லா ஆவணங்களையும் விரலியில் நகலெடுத்து வைத்தார். ஃபார்மட் முடிந்தது. திறந்து பார்த்தால், பத்தாண்டுக்கு மேற்பட்ட தமிழ்த் தேர்வுத்தாள்கள் எல்லாம் தலையில் புள்ளி வைத்த ரோமன் எழுத்துகளாக நின்றன. ஆங்கில ஆசிரியருக்கும் மலாய் ஆசிரியருக்கும் ஒரு சேதமும் இல்லை.

காரணம் எளிது. முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கிய காலத்திலிருந்து, பல ஆண்டுகள் கணினித் தமிழுக்கு ஒரே குறியீடு கிடையாது. ஆங்கிலத்துக்கு ஒதுக்கிய இடங்களை விட்டுவிட்டு, மீதியிருந்த இடங்களில் பல எழுத்துருக்கள் தமிழைத் தம் விருப்பப்படி அடுக்கிவைத்தன. இதை ஒழுங்குபடுத்தத்தான் தகுதரம், தாப், தாம் எல்லாம் வந்தன. 2001இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடும் நடந்தது. யூனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் விண்டோஸில் அது 2000ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் வந்தது. பள்ளிகளில் பழக்கம் மாற இன்னும் பல வருடம் பிடித்தது. ஆகவே பழைய கோப்பில் இருப்பது வெறும் எண்கள்தான். அதைத் தமிழாகக் காட்டுவது எழுத்துரு. அந்த எழுத்துரு இருக்கும் இடமோ ஆவணக் கோப்புறை அல்ல, சி டிரைவில் விண்டோஸுக்குள் உள்ள ‘ஃபான்ட்ஸ்’ கோப்புறை. ஃபார்மட்டில் முதலில் போவது அதுதான்.

எனவே கணினிக்காரர் வருவதற்கு முந்தைய நாளே அந்தக் கோப்புறையைத் திறந்து, தமிழ் எழுத்துருக்கள் எல்லாவற்றையும் ஆவணங்களோடு சேர்த்து நகலெடுங்கள். முக்கியமான தாள்களை அந்தப் பழைய கணினியிலேயே பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள். எழுத்துரு அதற்குள்ளேயே பதிந்துவிடுவதால் எங்கும் படிக்கலாம். திருத்தி மீண்டும் பயன்படுத்த வேண்டியவற்றை யூனிகோடுக்கு மாற்றுங்கள். இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன. ஆனால் மாற்றியபின் கொம்பும் காலும் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்று ஒருமுறை வாசித்துப் பார்த்துவிடுங்கள், ‘கொ’ ‘கெ’ ஆகிவிடுவது வழக்கம். கடைசியாக, அந்த விரலியை வேறொரு கணினியில் செருகி இரண்டு மூன்று கோப்புகளையாவது திறந்து பாருங்கள். தமிழ் தெரிந்தால் கணினிக்காரரைக் கூப்பிடலாம்.