பொது மனையும் பொதுப் பந்தியும்

இங்கிலாந்தின் சிற்றூர்களில் ‘பப்’ என்றோர் உணவு விடுதி உண்டு. ‘பப்ளிக் ஹவுஸ்’ என்பதன் குறுக்கம் அது. பொது மனை என்று தமிழில் கூறலாம். உழவரும் கொல்லரும் மாலையில் அங்கே கூடி, மதுவும் உணவும் அருந்தி, ஊர்ச் செய்தி பேசுவர். இத்தகைய மதுச்சாலைகள் உரிமம் பெற்றே நடைபெற வேண்டும் என்று 1552-லேயே சட்டம் பிறந்தது. ஆயினும் பெயரில் இருந்த பொதுமை உள்ளே நிறைவாக இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில், தொழிலாளிக்கு ஓர் அறை, வசதி படைத்தவருக்கு மற்றோர் அறை எனப் பல விடுதிகள் தடுக்கப்பட்டன. கூரை ஒன்று, வாயில் இரண்டு.

மது இல்லாமலே இப்பொது மனையின் பணியைச் செய்த இடங்கள் நம் நாட்டிலும் உண்டு. மும்பையில் கிங்ஸ் சர்க்கிளைச் சூழ்ந்த மாட்டுங்கா அதற்குத் தக்க சான்று. 1896-இல் அந்நகரைப் பிளேக் நோய் தாக்கியது. அதன் விளைவாக 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைந்தது. நெரிசலைக் குறைக்கத் தாதர், மாட்டுங்காப் பகுதிகளில் புதிய குடியிருப்புகள் எழுந்தன. குமாஸ்தா, தட்டெழுத்தாளர் வேலைகளை நாடித் தெற்கிலிருந்து வந்த இளைஞர் பலர் அங்கே குடியேறினர். தனியாக வந்தவர்க்குத் தங்க அறை இருந்தது, அடுப்பு இல்லை. அக்குறையை உணவு விடுதிகள் தீர்த்தன. 1936-இல் மைசூர் கபே, 1940-இல் கபே மெட்ராஸ், 1942-இல் ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் என அவை ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. சோறும் சாம்பாரும் மட்டுமன்று. வேலைச் செய்தியும் ஊர்க் கடிதத்தின் சேதியும் அங்கே பரிமாறப்பட்டன.

ஆனால், யாருக்குப் பந்தி என்ற வினா இங்கும் எழாமல் இல்லை. தென்னாட்டு விடுதிகள் பலவற்றில் அந்தணர்க்குத் தனி இடம் ஒதுக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. உணவகங்களில் சாதி காரணமாக எவரையும் தடுக்கலாகாது என்று 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் பதினைந்தாம் விதி உரைத்தது. அதன் பின்னரும், 1957-இல், பெயர்ப்பலகையிலிருந்து ‘பிராமணாள்’ என்ற சொல்லை நீக்கக் கோரிச் சென்னைத் திருவல்லிக்கேணியின் முரளி கபே முன் பெரியாரின் தொண்டர்கள் மறியல் செய்ய நேர்ந்தது.

கிங்ஸ் சர்க்கிளுக்கு அணித்தே தாராவி உள்ளது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கின்றனர். அலுவலகக் குமாஸ்தாவும் தோல் தொழிலாளியும் ஒரே மொழி பேசி, ஒரே நகரில் பிழைத்தும், ஒரே பந்தியில் அமர்வது எளிதாக இருக்கவில்லை.

இன்று ராம நாயக் விடுதியில் பணம் செலுத்திச் சீட்டு வாங்குவோர், காலியான இலை முன் அமர்கின்றனர். சீட்டு எவருடைய குலத்தையும் வினவுவதில்லை. பெரிய மாறுதல்தான் இது. எனினும் சட்டமும் சீட்டும் வாயிலைத்தான் திறக்க இயலும். பக்கத்து இலைக்காரரை நோக்கி, “தங்களுக்கு எந்த ஊர்?” என்று அன்புடன் வினவி, எந்த விடை வந்தாலும் முகம் மாறாது உடன் உண்பது நம் பொறுப்பு. அப்பொழுதே பொது மனை என்ற பெயர் பொருள் பெறும்.