போடிமெட்டுப் பகுதிக் காப்பி நோய்களும் பருவநிலை மாற்றமும்

போடிமெட்டு என்பது தமிழ்நாட்டின் தேனி மாவட்டமும் கேரளத்தின் இடுக்கி மாவட்டமும் சந்திக்கும் மலைமுகடு. இதைச் சூழ்ந்த சரிவுகளில் ஏலக்காய், மிளகு ஆகியவற்றோடு காப்பியும் பயிராகிறது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் எட்டும் இடமாதலால் காப்பி இலை நனைந்திருக்கும் நாள்கள் இங்கு மிகுதி. பூஞ்சை நோய்களின் போக்கைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் இந்த ஈரமும் அதனுடன் சேரும் வெப்பநிலையுமே.

நோய்களுள் தலையாயது இலைத்துரு. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்னும் பூஞ்சை, இலையின் அடிப்பக்கத்து இலைத்துளைகள் வழியே நுழைந்து, முதலில் வெளிர்மஞ்சள் புள்ளிகளையும் பின்னர் தொட்டால் விரலில் ஒட்டும் ஆரஞ்சு நிறத் தூளையும் தோற்றுவிக்கிறது. அத்தூளே நோயைப் பரப்பும் வித்துகள். இலையில் நீர் படிந்திருந்தால்தான் வித்து முளைக்கும். 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் அதற்கு மிகவும் உகந்தது. இந்நோயால் இலை உதிர்ந்த அராபிகா வகைக் காப்பிச் செடியால் காயை முதிர்விக்கவும் இயலாது, அடுத்த ஆண்டு காய்க்க வேண்டிய கிளைகளை வளர்க்கவும் இயலாது. ரொபஸ்டா வகை இந்நோயைப் பெரிதும் தாங்கக்கூடியது. 1869இல் இலங்கையில் அறியப்பட்ட இந்நோய் அந்நாட்டின் காப்பித் தொழிலையே அழித்தது.

வெப்பம் உயர்வதால் இந்நோய் எங்கும் ஒரே சீராகப் பெருகும் என்று கருதுவது பிழை. கடும் வெயில் காயும் தாழ்ந்த சரிவுகளில் பூஞ்சை ஒடுங்கலாம். குளிர்ந்த இரவுகளே காவலாக இருந்த உயரங்களிலோ, இரவு வெப்பம் கூடும்போது தொற்று நிகழ்ந்து தூள் தோன்றும் வரையிலான காலம் சுருங்கி, ஒரே பருவத்தில் நோய் பல சுற்று பரவ வழி ஏற்படுகிறது. 2012-13இல் மத்திய அமெரிக்காவில் பரவிய இலைத்துருக் கொள்ளை நோய்க்குப் பகல், இரவு வெப்ப வேறுபாடு குறைந்ததும் ஒரு காரணமாக ஆய்வாளர்களால் சுட்டப்பட்டது.

கருப்பழுகல் நோய் மழையின் தன்மையைப் பொறுத்தது. 2018 ஆகஸ்டில் இடுக்கியில் கொட்டியது போன்ற அடைமழையில் இலைகளும் காய்களும் கறுத்து அழுகி, பூஞ்சை இழைகளில் சிக்கிக் கிளையிலேயே தொங்கும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையைப் பருவமழைக்கு முன்னரே தெளிப்பது வழக்கம். கோடை மழையும் பருவமழையும் இடைவெளியின்றி இணைந்துவிடும் ஆண்டுகளில் தெளிப்பதற்கான வெயில் நாள்களே கிடைப்பதில்லை.

நோய் தாங்கும் ரகங்கள் ஓரளவே உதவுகின்றன. காவேரி ரகத்தின் எதிர்ப்பாற்றலைத் துருவின் புதிய இனங்கள் உடைத்துவிட்டன. 2007இல் வெளியான சந்திரகிரியும் நிலையான அரண் என்று கொள்வதற்கில்லை.

மிகச் சிக்கலானது நிழல் மேலாண்மை. அழுகலைக் குறைக்க மழைக்கு முன் நிழல்மரக் கிளைகளைக் கழிக்க வேண்டும். அளவுக்கு மீறிக் கழித்தாலோ, வெயில் படும் தண்டுகளை நாடும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்னும் பூச்சி பெருகும். ஆகவே, இப்பகுதியில் நிழலை ஆண்டுதோறும் அளவாகக் கவாத்து செய்வதே தக்கது. வெப்பம் ஏறிவரும் காலத்தில் மரங்களை அடியோடு வெட்டுவது செடிக்கும் விவசாயிக்கும் கேடு.