அபின் விளையும் நாட்டில்

நோயுற்றவரின் தலைமாட்டில் அமர்ந்து புர்தா ஓதும் வழக்கத்தை நம்மில் அறியாதார் இலர். பக்கவாதத்தால் படுத்திருந்த இமாம் பூஸிரி அவர்கள், அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம்மீது போர்வையைப் போர்த்தக் கனவு கண்டு நலம் பெற்றார்கள் என்பது அப்பாடலின் பெயருக்குச் சொல்லப்படும் வரலாறு. புர்தா என்றால் போர்வை. மேலை மருத்துவர் ‘பாலியேட்டிவ்’ என வழங்கும் சொல்லும் போர்வையைக் குறிக்கும் ‘பாலியம்’ எனும் இலத்தீன் சொல்லின் வழி வந்ததே. நோயை நீக்க இயலாதபோதும் நோயாளியைக் குளிரில் விட்டுவிடலாகாது என்பது அதன் உட்கருத்து. வலி, மூச்சுத் திணறல், உறக்கமின்மை, அச்சம், குடும்பத்தாரின் தவிப்பு ஆகியவற்றைத் தணிப்பது அதன் பணி. சாகுந்தறுவாயில் மட்டும் செய்வது அது எனப் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று, கடும் நோய் கண்ட நாள்முதலே ஏனைய சிகிச்சைகளோடு சேர்த்துத் தரத்தக்கது.

இன்றைய வடிவில் இதற்கு வித்திட்டவர் இலண்டனைச் சார்ந்த சிசிலி சாண்டர்ஸ் அம்மையார். தாதியாகவும் பின்னர் மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்தவர். வார்சா நகரிலிருந்து வந்த டேவிட் டாஸ்மா எனும் யூத அகதி 1948இல் புற்றுநோயால் இறந்தபோது, அம்மையார் எழுப்பவிருக்கும் இல்லத்தில் தாம் ஒரு சாளரமாக இருக்க வேண்டுமென விரும்பி 500 பவுனை அவருக்கு விட்டுச் சென்றார். அம்மையார் முப்பது வயதைக் கடந்த பின் மருத்துவம் பயின்று, 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். அங்குக் கையாண்ட முறை எளியது. நோயாளி கதறிய பின் ஊசி போடுவதை விடுத்து, வலி மீளுமுன்பே நேரம் தவறாது மார்ஃபினை வாய்வழி கொடுத்தனர். 1986இல் உலக சுகாதார நிறுவனமும் கடும் புற்றுநோய் வலிக்கு இம்முறையையே பரிந்துரைத்தது.

மார்ஃபின் அபினிலிருந்து எடுக்கப்படுவது. அபினோ நம் நாட்டில், மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமம் பெற்ற வயல்களில் விளைகிறது. காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசின் ஆலைகள் உள்ளன. வெளிநாட்டு நோயாளியின் வலி தீர அது கப்பலேறிற்று. உள்நாட்டு நோயாளிக்கோ அது எட்டாக்கனியாயிற்று. காரணம், 1985இல் வந்த போதைப்பொருள் சட்டம். பல குற்றங்களுக்குக் குறைந்தது பத்தாண்டுச் சிறை என்றது அது. ஒரு மருத்துவமனை மார்ஃபின் வாங்கப் பல அலுவலகங்களில் பல உரிமங்கள் பெற வேண்டியிருந்தது. ஒன்று கைக்கு வருமுன் மற்றொன்று காலாவதியாகிவிடும். மருந்துக் கடைக்காரர் அஞ்சி, இருப்பு வைப்பதையே விட்டனர். 1997இல் இப்பெரிய நாடு முழுவதிலும் மருத்துவத்திற்குப் பயன்பட்ட மார்ஃபின் வெறும் 18 கிலோ. பன்னிரண்டு ஆண்டுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு வீழ்ச்சி! சட்டம் கள்ளக் கடத்தல்காரனைத் தடுத்ததோ இல்லையோ, படுக்கையில் கிடந்தவனைத் தண்டித்தது.

இப்பூட்டைத் தட்டியவர்கள் கோழிக்கோட்டில் இருந்தனர். அங்கு மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் டாக்டராயிருந்த ராஜகோபால் தம் மனமாற்றத்திற்குக் காரணமான நிகழ்ச்சி ஒன்றைப் பலவிடத்தும் கூறியுள்ளார். நாவில் புற்றுநோய் கண்ட கல்லூரிப் பேராசிரியர் ஒருவருக்கு நரம்பை மரக்கச் செய்து வலியைப் போக்கினார். இனி வரத் தேவையில்லை என்றும் சொல்லி அனுப்பினார். தம் நோய்க்குத் தீர்வில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்த அம்மனிதர் அன்றிரவே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். நரம்பைக் கவனித்தோம், மனிதரைக் கவனிக்கவில்லை என்ற உறுத்தல் டாக்டரை விடவில்லை. 1993இல் அவரும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களும் சேர்ந்து வலி நிவாரணச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர்.

மருத்துவமனைக்கு வர இயலாதவர்களே மிகுதி என்பதை அவர்கள் விரைவிற் கண்டனர். ஆகவே பணி வீடுகளுக்குச் சென்றது. 1999க்குப் பின் மலப்புறம் மாவட்டத்திலும் சுற்றுப்புறங்களிலும் அண்டை அயலாரே பயிற்சி பெற்று, ஊரில் சிறுதொகைகள் திரட்டித் தாதியரை அமர்த்தினர். புண்ணைக் கழுவுவதைத் தாதி செய்வார். அரிசி வாங்கித் தருவதும், பிள்ளையின் படிப்பைப் பார்ப்பதும், உடனிருந்து பேசுவதும் அயலார் வேலை. இம்மாவட்டத்தில் நம்மவர் பெரும்பான்மையினர். ஆயினும் இது எல்லாச் சமயத்தாரும் கூடிச் செய்த பணி. 2008இல் கேரள அரசு இதைத் தன் கொள்கையாக அறிவித்தது. இந்திய மாநிலங்களில் இதுவே முதல்.

உரிம விதிகளை எளிதாக்கும்படி மத்திய அரசு 1998இல் மாநிலங்களுக்கு எழுதியது. முந்திக்கொண்டு ஏற்றவற்றுள் கேரளமும் ஒன்று. பல மாநிலங்கள் கடிதத்தைக் கோப்பில் வைத்துக்கொண்டன. ஆகவே பாராளுமன்றமே 2014இல் சட்டத்தைத் திருத்தி, மார்ஃபின் முதலிய மருந்துகளுக்கு நாடெங்கும் ஒரே உரிமம் போதும் என்று செய்ய வேண்டியதாயிற்று. திருத்தம் வந்தும், அளவறிந்து எழுதிக் கொடுக்கப் பயின்ற டாக்டர்கள் சிலரே இருந்தனர். மருத்துவ மாணவரின் பாடத்திட்டத்தில் வலி நிவாரணம் இடம்பெற 2019 வரை ஆயிற்று.