புறாவுக்குக் கல்வீடு

போன தை மாசம் களத்துல காயப்போட்ட ராகியில புறாக் கூட்டம் இறங்குச்சு. துண்டை வீசி விரட்டினேன். நம்ம ஊர் மாடப்புறாவுக்குக் கோபுரத்துப் பொந்தே போதும். இங்கிலாந்தில் கார்வே என்ற ஊரிலோ 1326-ல அதுக்குன்னே வட்டமா ஒரு கல்வீடு கட்டியிருக்காங்க. உள்சுவர் பூரா 666 மாடம்! புறா வந்துபோக உச்சியில திறப்பு. இந்த மாதிரி வீடுகள் பலதுல நடுத்தூணோட சுத்துற ஏணி இருக்கும். அதுல ஏறிக்கிட்டா இறங்காமலே எல்லா மாடத்திலயும் குஞ்சு எடுக்கலாம். குஞ்சு பண்ணையார் சாப்பாட்டுக்கு, எச்சம் எருவுக்கு. இரை மட்டும் ஊரான் வயல்ல.

பக்கத்து பிரான்சிலயும் இதே கதைதான். வயல்ல மேய்ஞ்சாலும் பண்ணையார் புறாவைக் குடியானவன் அடிக்கக் கூடாது. 1789 ஆகஸ்ட்ல, புரட்சி நடந்தப்பதான் அந்த உரிமையை ஒழிச்சாங்க. ஊர் சொல்ற பருவத்தில புறாவை அடைச்சு வைக்கணும், மீறி வந்தா அவனவன் நிலத்துல அடிச்சுக்கலாம்னு சட்டமாச்சு.