நாடியும் தாடையும்: எந்தச் சத்திரசிகிச்சை யாருக்குப் பொருந்தும்?

யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்தது. ஆனால் எறிகணைச் சிதறலோ துப்பாக்கிச் சன்னமோ கீழ்த்தாடையில் பட்ட ஒருவருக்கு அது ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் தொடர்கிறது. ஒரு பக்கத்தால் மட்டும் சப்புவது, கதைக்கும்போது எச்சில் வடிவது, கலியாண வீட்டில் படம் எடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வது என்று பலர் அதற்குப் பழகிவிட்டார்கள்.

நாடியை அழகாக்கித் தருவதாகச் சொல்லும் விளம்பரங்கள் இப்போது கைத்தொலைபேசிக்கே வருகின்றன. "இது எனக்கும் சரிவருமா?" என்று கேட்பவர்கள் அதற்கு முன்னர் இன்னொரு கேள்வியைக் கேட்க வேண்டும். குறை எங்கே இருக்கிறது? எலும்பிலா, பற்கள் சந்திக்கும் முறையிலா, தாடை மூட்டிலா, தோலிலும் தசையிலுமா? இதற்கான பதில்தான் சிகிச்சையைத் தீர்மானிக்கிறது.

வீட்டிலேயே கவனிக்கக்கூடியவை

வாயை மூடும்போது மேல், கீழ்ப் பற்கள் காயத்துக்கு முன்னர் சந்தித்ததுபோலச் சந்திக்கின்றனவா? உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வாய்க்குள் வைக்கும் அளவுக்கு வாய் திறக்கிறதா? கீழ் உதட்டில் விறைப்பு இருக்கிறதா? நித்திரையில் பெரிய குறட்டையும் இடையிடையே மூச்சு நிற்பதும் உண்டா? இவற்றை எழுதிக்கொண்டு வைத்தியரிடம் செல்லுங்கள்.

வாய் திறக்க முடியாமைக்குக் காயம் மட்டும் காரணமல்ல. நீண்ட காலம் பாக்குப் போடுபவர்களுக்கு வாயின் உட்தோல் தடித்து இறுகிவிடும். அது புற்றுநோயாக மாறக்கூடிய நிலை என்பதால் முதலில் அதைப் பரிசோதிக்க வேண்டும்.

சிறுவயதில் தாடை மூட்டில் காயம்பட்டவர்களுக்கு அந்தப் பக்கத் தாடை வளராமல் நின்றுவிடக்கூடும். வளர்ந்த பின்னர் நாடி உள்வாங்கியோ ஒரு பக்கம் சரிந்தோ தெரியும். பார்ப்பதற்கு இது அழகுப் பிரச்சினை. உள்ளே மூட்டு இறுகியிருக்கலாம், மூச்சுப்பாதை ஒடுங்கியிருக்கலாம்.

தோற்றத்தை மட்டும் மாற்றுபவை

*ஊசிமூலம் நிரப்புதல்:* ஹையலூரோனிக் அமிலம் என்ற களியை நாடியில் ஏற்றுவார்கள். பல மாதங்களில், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேல், அது கரைந்துவிடும். பிறகு மீண்டும் பணம் செலவழிக்க வேண்டும். களி இரத்தக் குழாய்க்குள் போனால் தோல் அழுகலாம். மிக அரிதாகப் பார்வையும் போகலாம். தழும்புள்ள முகத்தில் இரத்தக் குழாய்களின் பாதை மாறியிருப்பதால் கூடுதல் கவனம் தேவை.

*கொழுப்பு ஏற்றுதல்:* வயிற்றிலிருந்து எடுத்த சொந்தக் கொழுப்பை ஏற்றுவது. ஒரு பகுதியை உடல் உறிஞ்சிவிடும் என்பதால் இரண்டாம் முறையும் தேவைப்படலாம். தழும்பு ஓரளவு இளகுவது இதன் நன்மை.

*செயற்கை நாடி:* சிலிக்கோன் அல்லது நுண்துளைகள் கொண்ட பொலித்தீன் துண்டை எலும்பின் மேல் வைப்பது. சத்திரசிகிச்சை சிறியது. ஆனால் கிருமித்தொற்று, இடம் நகர்தல், அடியிலுள்ள எலும்பு தேய்தல் ஆகியவை ஏற்படலாம். முன்னர் சீழ் வைத்த இடத்திலும், தோல் மெலிந்து தழும்பேறிய இடத்திலும் இதைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள்.

*நாடி எலும்பை நகர்த்துதல்:* வாயின் உட்புறமாக வெட்டி, பல் வேர்களுக்குக் கீழே நாடி எலும்பை அறுத்து, முன்னுக்கோ பக்கவாட்டிலோ நகர்த்தி டைட்டேனியம் தகட்டால் பொருத்துவார்கள். சரிந்த நாடியை நேராக்கவும் இது உதவும். கீழ் உதட்டில் விறைப்பு ஏற்படலாம். பெரும்பாலும் அது மாதக்கணக்கில் குறையும், சிலருக்கு நிலைத்துவிடும்.

இந்த நான்கில் எதுவும் பற்கள் சந்திக்கும் முறையைச் சரிசெய்யாது.

தொழிற்பாட்டைத் திருத்துபவை

முறிந்த தாடை பிழையான நிலையில் பொருந்தியிருந்தால் எலும்பை மீண்டும் அறுத்துச் சரியான இடத்தில் பொருத்த வேண்டும். தாடை முழுவதும் பின்தங்கியிருந்தால் பற்களோடு சேர்த்து அதை முன்னுக்கு நகர்த்துவார்கள். முன்னும் பின்னும் பற்களுக்குக் கம்பி போட வேண்டியிருப்பதால் முழுச் சிகிச்சைக்கும் ஒன்றரை, இரண்டு வருடங்கள் ஆகலாம். மூச்சுப்பாதையை விரிவாக்குவது இந்த முறையே. செயற்கை நாடியால் அது நடக்காது. மூட்டு இறுகியிருந்தால் பெரும்பாலும் முதலில் மூட்டைத் திறப்பார்கள்.

எலும்பே இல்லாமல் போயிருந்தால் இடைவெளியின் அளவு முக்கியம். பொதுவாக 5, 6 சென்ரிமீற்றருக்குக் குறைந்த இடைவெளிக்கு இடுப்பெலும்பிலிருந்து எடுத்த துண்டு போதும். அதைவிடப் பெரிதானால், அல்லது சுற்றியுள்ள தசை நலிந்திருந்தால், முழங்காலுக்குக் கீழுள்ள இரண்டு எலும்புகளில் மெல்லியதை அதன் இரத்தக் குழாய்களோடு எடுத்துத் தாடையில் வைத்து, கழுத்து இரத்தக் குழாய்களோடு இணைப்பார்கள். கீழ்த்தாடைக்கு இந்த முறை 1989இல் அறிமுகமானது. பல மணிநேரம் நீடிக்கும் சத்திரசிகிச்சை இது. பின்னர் அந்த எலும்பிலேயே செயற்கைப் பல் பொருத்தவும் முடியும்.

ஒரு காலை இழந்தவர்கள் இதை வைத்தியரோடு விரிவாகக் கதைக்க வேண்டும். மீதமுள்ள ஒரே காலிலிருந்து எலும்பு எடுப்பதா, தோள்பட்டை அல்லது இடுப்பிலிருந்து எடுப்பதா என்பது பாரமான முடிவு. காலில் பழைய காயம் இருந்தால் இரத்தக் குழாய்களை ஸ்கேன் மூலம் முன்கூட்டியே பார்க்கச் சொல்லுங்கள்.

உடலில் சிதறல் இருந்தால்

எல்லாச் சிதறல்களையும் எடுக்க வேண்டியதில்லை. நரம்பு, பெரிய இரத்தக் குழாய்க்கு அருகில் இருப்பதை அப்படியே விடுவது பாதுகாப்பாக இருக்கலாம். ஆனால் எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு முன்னர் கட்டாயம் சொல்லுங்கள். அதன் காந்தம் இரும்புத் துண்டை நகர்த்தக்கூடும். எக்ஸ்ரே, சி.ரி. ஸ்கேன் ஆகியவற்றில் அந்த ஆபத்து இல்லை. டைட்டேனியம் தகடு பொதுவாகப் பிரச்சினை தராது.

இடப்பெயர்வில் பழைய வைத்தியப் பத்திரங்கள் தொலைந்திருந்தால் அதற்காகப் போகாமல் இருக்காதீர்கள். இன்றைய நிலையை சி.ரி. ஸ்கேன் காட்டிவிடும்.

யாரிடம் போவது?

இந்த வேலைக்குரியவர் வாய், முக, தாடை சத்திரசிகிச்சை நிபுணர். சில வேளைகளில் பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சை நிபுணரும் சேர்ந்து செய்வார். அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் பல் சிகிச்சைப் பிரிவில் கடிதம் பெற்று நிபுணரின் கிளினிக்குக்குப் போகலாம். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம், காத்திருப்பு நீளலாம். தனியாரிடம் போவதானால் அவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவுபெற்றவரா, அவருடைய நிபுணத்துவம் எது என்று கேளுங்கள்.

கேட்க வேண்டிய வேறு கேள்விகளும் உண்டு. இது சாப்பிடுவதைத் திருத்துமா, தோற்றத்தை மட்டுமா? எத்தனை கட்டங்கள்? சரிவராவிட்டால் அடுத்தது என்ன? நீரிழிவு, இரத்தத்தை ஐதாக்கும் மாத்திரை, புகைத்தல், வெற்றிலை பாக்கு எதையும் மறைக்க வேண்டாம். புகைத்தல் காயம் ஆறுவதைக் கெடுக்கும். வாய் திறக்காதவர் அதை மயக்க மருந்து வைத்தியரிடமும் சொல்ல வேண்டும்.

முகச் சீரமைப்புச் சத்திரசிகிச்சையின் பெரும்பகுதி யுத்தக் காயங்களிலிருந்தே வளர்ந்தது. முதலாம் உலகப் போரில், 1917இல் இங்கிலாந்தின் சிட்கப் என்ற இடத்தில் திறக்கப்பட்ட வைத்தியசாலையில் ஹரோல்ட் கில்லீஸ் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் பல் வைத்தியர்களோடு சேர்ந்து, தாடை சிதைந்த சிப்பாய்களுக்குக் கட்டம் கட்டமாகச் சிகிச்சை செய்தார். ஒரே நாளில் முகத்தை மாற்றித் தருவதாக எவராவது சொன்னால் இதை நினைத்துப் பாருங்கள்.

எந்தச் சத்திரசிகிச்சையும் பழைய முகத்தை அப்படியே திருப்பித் தராது. விபரங்களைக் கேட்டறிந்த பின்னர் "எனக்கு வேண்டாம்" என்று முடிவெடுப்பதும் சரியான முடிவே. ஆனால் சாப்பிட, கதைக்க, மூச்சுவிடச் சிரமம் இருந்தால் அதை விதியென்று விட்டுவிட வேண்டாம். இத்தனை வருடங்கள் கடந்த பின்னரும் திருத்தக்கூடியவை அவை.