கடுதாசிக்குக் குல்லா, கண்ணுக்கு என்ன?

பூதலூர்க்காரனுக்கும் அலைச்சறுக்குக்கும் என்னய்யா சம்பந்தம்னு நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். ஒரு சம்பந்தமும் இல்லை :-) எங்க ஊர்ப் பக்கம் பெரிய தண்ணின்னா கல்லணைக் கால்வாய்தான். புது ஆறுன்னு சொல்லுவோம். மேட்டூர்த் திட்டத்தோட சேர்த்து வெட்டினது, அணை திறந்தது 1934-இல். அதுல வெள்ளம் வரும், அலை வராது. கடலைப் பார்க்கணும்னா கிழக்கே சுமார் நூறு கிலோமீட்டர் தாண்டி நாகப்பட்டினம் போகணும். ஆனா ஒண்ணு, 1991 வரைக்கும் நாகப்பட்டினமும் எங்க தஞ்சாவூர் ஜில்லாதான். அந்தப் பாத்தியதையில எழுதறேன், பொறுத்துக்குங்க.

அலைச்சறுக்குப் பலகையைத் தூக்கிக்கிட்டுக் கடல்ல இறங்குறவங்க என்னென்ன போட்டுக்கிட்டு இறங்குறாங்கன்னு பார்த்தீங்கன்னா ஒரு பட்டியலே இருக்கு. தலைக்கு இலேசான ஹெல்மெட். கண்ணுக்கு வார் வச்ச கறுப்புக் கண்ணாடி. உடம்போட ஒட்டின முழுக்கை பனியன். மூக்குத் தண்டுல வெள்ளை வெளேர்னு துத்தநாகக் களிம்பு. பார்க்கக் கொஞ்சம் கூத்தாத்தான் இருக்கும். ஆனா ஒவ்வொண்ணுக்கும் பின்னால ஒரு அடிபட்ட கதை இருக்கு. அந்தக் கதைகளுக்குப் போறதுக்கு முந்தி, நம்ம கரையில நூறு இருநூறு வருஷம் முன்னாடி அதே அலையை தினமும் தாண்டினவங்க தலையில என்ன இருந்ததுன்னு பார்ப்போம்.

சென்னைப் பட்டணத்துக்குத் துறைமுகம் வந்ததே 19-ஆம் நூற்றாண்டோட கடைசியிலதான். புனித ஜார்ஜ் கோட்டை 1640-லயே வந்தாச்சு. அப்புறம் இருநூறு வருஷத்துக்கும் மேல கப்பல் எல்லாம் கரையிலிருந்து ஒரு மைல், ரெண்டு மைல் தள்ளித்தான் நங்கூரம் போட்டு நிக்கும். நடுவுல வரிசை வரிசையா உடையிற அலை. வெள்ளைக்காரன் கொண்டுவந்த படகு அதுல மாட்டினா சுக்கு நூறுதான். அதனால ஆளையும் சரக்கையும் கரை சேர்க்க மசூலாப் படகு. ஆணியே இல்லாம, பலகையைக் கயிறு போட்டுத் தைச்ச படகு. அலை அடிச்சா நெளிஞ்சு கொடுக்கும், உடையாது. அது கூடவே ஓடினது நம்ம கட்டுமரம்.

கட்டுமரத்தைப் பத்தி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாலஞ்சு மரத்துண்டைச் சேர்த்துக் கயிறால கட்டினா முடிஞ்சது. தண்ணி மேலயும் வரும், கீழயும் போகும். முழுகாது. அலை அடிச்சு ஆளைத் தள்ளிவிட்டாலும் நீந்திப்போய்த் திரும்ப ஏறி மண்டி போட்டு உட்கார்ந்துக்குவான். இன்னைக்கு அலைச்சறுக்குப் பள்ளியில காசு கட்டிக் கத்துக்கிற முதல் பாடம் இதுதானே!

அந்தக் காலத்துப் பயணக் குறிப்புகள்ல இந்தக் கட்டுமர ஆட்களைப் பார்த்து ஆச்சரியப்படாத துரைமார் குறைவு. இடுப்புல ஒரு துண்டுத் துணி. தலையில கூம்பு மாதிரி ஒரு குல்லா, ஓலையோ பாயோ முடைஞ்சது. அந்தக் குல்லா எதுக்குன்னு நினைக்கிறீங்க? வெயிலுக்கா? மண்டையில கட்டை இடிக்காம இருக்கவா? ரெண்டும் இல்லைங்க. கடுதாசிக்கு! கப்பல்ல இருக்கிற கேப்டனுக்குக் கரையிலிருந்து போற கடிதம், கப்பல்லேர்ந்து கரைக்கு வர்ற கடிதம், எல்லாம் அந்தக் குல்லாவுக்குள்ள. ஆள் பத்து தடவை முங்கி எழுந்தாலும் கடிதம் நனையாம போய்ச் சேரும். மசூலாப் படகு கவிழ்ந்தா உள்ளே இருக்கிறவங்களைத் தூக்கி எடுக்கறதும் இவங்கதான். அப்படிக் காப்பாத்தினவங்களுக்குப் பதக்கம் கொடுக்கிற வழக்கமும் இருந்தது.

இதைப் படிச்சப்போ முதல்ல பெருமையாத்தான் இருந்தது. ரெண்டாவது தடவை படிச்சப்போ கொஞ்சம் உறுத்துச்சு. குல்லாவைப் பத்தி எழுதினவன் கடுதாசி நனையலைன்னு எழுதினான். குல்லாவுக்குக் கீழே ஒரு மண்டை இருந்தது, ரெண்டு கண்ணு இருந்தது. தினமும் காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் உப்புத் தண்ணி, நுரை, வெயில். அந்தக் கண்ணு நாப்பது வயசுல என்ன ஆச்சு, முதுகுத்தோல் என்ன ஆச்சுங்கிறது எழுதறவனுக்குச் செய்தியா படலை. அவனோட தபால்தான் அவனுக்குச் செய்தி. வரலாறுன்னு நாம படிக்கிறதுல பாதி இப்படித்தான், எழுதினவனோட பொருள் பத்திரமா வந்து சேர்ந்த கதை.

இப்ப அலைச்சறுக்குக்காரங்க பக்கம் வருவோம். அங்கே பாதுகாப்புச் சாமான் எப்படி வந்ததுன்னு பாருங்க.

ஜாக் ஓ'நீல்னு ஒரு அமெரிக்கர். 1952-இல் சான் ஃபிரான்சிஸ்கோவுல அலைச்சறுக்குக் கடை திறந்தவர். குளிர் தண்ணியில நடுங்கி நடுங்கி விளையாடினவர், ரப்பர் உடுப்பைச் செஞ்சு வித்தே பெரிய ஆள் ஆனார். பலகை கைவிட்டுப் போனா நீந்திப்போய்ப் பிடிக்கணுமே, அதுக்கு அவர் மகன் பலகையையும் ஆளையும் ஒரு ரப்பர்க் குழாயால கட்டிப் பார்த்தார். 1970-களோட ஆரம்பம். அந்த ரப்பர் இழுபட்டுத் திரும்பி வந்த வேகத்துல பலகை அடிச்சு ஜாக் ஓ'நீலோட இடது கண்ணு போச்சு. அதுக்கப்புறம் கண்ணுல கறுப்புப் பட்டையோடதான் வாழ்ந்தார், 2017-இல் 94 வயசுல காலமாகிற வரைக்கும். கால்வாரை யாரும் தூக்கிப் போடலை. ரொம்ப இழுபடாத வாராத் திருத்தினாங்க. பலகை மூக்குல ரப்பர் மூடியும் பின்னாடி வந்தது.

தோலுக்கு ஆஸ்திரேலியாக்காரங்க. வெள்ளைத் தோல், கொளுத்துற வெயில், தோல் புற்றுநோய். 1981-இல் விக்டோரியா மாநிலத்துல ஒரு பிரசாரம் ஆரம்பிச்சாங்க. சட்டையைப் போடு, களிம்பைத் தடவு, தொப்பியை வை, அவ்வளவுதான் விஷயம். ஒரு கடற்பறவை பொம்மை டி.வி.யில ஆடிப் பாடிச் சொல்லும். கடற்கரையில வெத்து உடம்போட திரியறதே பெருமைன்னு இருந்த ஊர்ல முழுக்கை பனியன் சகஜமானதுக்கு இந்த மாதிரி பிரசாரங்களும் ஒரு காரணம்.

தலைக்கு ஹெல்மெட்டுன்னா ரொம்ப நாள் கிண்டல்தான். 1991-இல் டாம் கேரல் ஹவாயில பைப்லைன் போட்டியில ஹெல்மெட்டோட இறங்கி ஜெயிச்சும் பெரிய மாற்றம் வரலை. 2015 டிசம்பர்ல அதே பைப்லைன்ல ஓவன் ரைட்டுங்கிற ஆஸ்திரேலிய வீரருக்கு அலை அடிச்சு மூளையில காயம். நடக்கவே திரும்பக் கத்துக்க வேண்டியிருந்தது. 2017-இல் திரும்பி வந்து முதல் போட்டியையே ஜெயிச்சார். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ல வெண்கலம். காயத்துக்கு அப்புறம் ஹெல்மெட்டோட இறங்கவும் ஆரம்பிச்சார். அதைப் பார்த்துதான் மத்தவங்களுக்கும் கூச்சம் குறைஞ்சது.

ஒண்ணு கவனிச்சீங்களா? இங்கெல்லாம் அடிபட்டவன் பேரு இருக்கு, தேதி இருக்கு. ஒருத்தன் கண்ணு போனா அது செய்தி. செய்தியானா அடுத்த வருஷம் அதுக்கு ஒரு சாமான் வரும். கட்டுமரத்துக்காரனுக்கு அது நடக்கலை.

நடக்கலைன்னு அவ்வளவு உறுதியா எப்படிச் சொல்றேன்னா, நோய் இன்னும் இங்கேயே இருக்கு. அலைச்சறுக்குக்காரங்களுக்கு வர்ற ஒரு கண்ணு நோய்க்கு இங்கிலீஷ்காரன் அவங்க பேரையே வச்சிருக்கான். நம்ம ஊர்ல அதுக்குப் பேரு ‘கண்ணுல சதை வளருது’. மூக்கோரத்து வெள்ளை விழியிலேர்ந்து முக்கோணமா ஒரு சதை கருவிழியைப் பார்த்து நகரும். உறுத்தும், செவக்கும். பாப்பாவை மறைச்சா ஆபரேஷன். எடுத்தாலும் சிலருக்குத் திரும்ப வளரும். வெயிலோட புற ஊதாக் கதிர் இதுக்கு முக்கியக் காரணம். தூசியும் காத்தும் கூடச் சேர்ந்துக்கும்.

எங்க பெரியம்மா கடலைப் பார்த்ததே வேளாங்கண்ணிக்குப் போனப்போ ஒரே ஒரு தடவைதான். நாப்பது வருஷம் நடவு நட்டவங்க. ரெண்டு கண்ணுலயும் இந்தச் சதை. கண் முகாம்ல பார்த்த டாக்டர், “கடற்கரைப் பக்கமாம்மா ஊரு?”ன்னு கேட்டாராம். “இல்ல சாமி, சேத்துப் பக்கம்”னு சொல்லிட்டு வந்திருக்காங்க. வீட்டுல எல்லாரும் சிரிச்சோம். ஆனா டாக்டர் கேட்டதுல ஒரு தப்பும் இல்லை. வெயிலு, தண்ணி, பகல் பூரா வெட்டவெளி. அலைவாய்க்கும் நடவு வயலுக்கும் அந்த மட்டுல வித்தியாசம் கம்மி.

கணக்கும் சொல்லிடறேன். கடல் நுரை தன் மேல விழற புற ஊதாக் கதிர்ல சுமார் 25 சதவீதத்தைத் திருப்பி அடிக்கும், காஞ்ச மணல் 15 சதவீதம்ங்கிறது உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு. சும்மா கிடக்கிற தண்ணி பத்துக்கும் கீழேதான். அதனால கடல்காரன் பாடுதான் மோசம். ஆனா தண்ணிக்குள்ள இருக்கோமேன்னு தப்பிக்கவும் முடியாது. அரை மீட்டர் ஆழத்துலயும் மேலே இருக்கிறதுல 40 சதவீதம் இருக்கும். அமெரிக்காவுல செசபீக் விரிகுடாவுல நண்டும் சிப்பியும் பிடிக்கிற 838 பேரைச் சோதிச்சு 1988-இல் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஆயுசுல கண்ணுல பட்ட கதிர் ரெண்டு மடங்கானா, ஒரு வகைக் கண்புரை வர்ற வாய்ப்பு 1.6 மடங்கு ஆகுதாம். கவனிங்க, அவங்களும் மீனவங்கதான். அங்கே யாரோ உட்கார்ந்து எண்ணினாங்க.

நம்ம கறுப்புத் தோலுக்குத் தோல் புற்றுநோய் குறைச்சல்தான். இயற்கை கொடுத்த சட்டை அது. ஆனா கண்ணுக்கு அந்தச் சட்டை இல்லைங்க. வெள்ளைக்காரன் கண்ணும் நம்ம கண்ணும் இந்த விஷயத்துல ஒண்ணுதான்.

அப்ப தலையில கட்டுற துண்டு? முண்டாசு மண்டையைக் காப்பாத்தும், வேர்வையை உறிஞ்சும், சும்மாட்டுக்கும் ஆகும். நம்ம பொம்பளைங்க சேலைக்கு மேல வீட்டு ஆம்பளையோட முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கிட்டு நடவுக்கு இறங்குறாங்களே, அது ஆஸ்திரேலியாக்காரன் பனியனுக்கு எந்த விதத்துலயும் குறைச்சல் இல்லை. மழைக்குச் சாக்கைக் கொங்காணியா மடிச்சுப் போட்டுக்கிட்டதும் நல்ல யோசனைதான். கண்ணுக்கு மட்டும்தான் ஒண்ணும் இல்லை. முண்டாசுக்கு விளிம்பு கிடையாது. கட்டுமரக் குல்லாவும் கூம்புதான். சுத்தி விளிம்பு வச்ச தொப்பி போட்டா கண்ணுல படற கதிர் ஏறத்தாழ பாதியாக் குறையும். மூணு அங்குலம் விளிம்பு, அவ்வளவுதான் கேக்குது கண்ணு.

இன்னொண்ணும் சொல்லணும். உச்சி வெயில்தான் கண்ணுக்கு மோசம்னு நினைக்கிறோம். ஜப்பான்ல பொம்மைத் தலையில அளவுமானி வச்சுப் பார்த்து 2011-இல் ஒரு ஆய்வு வந்தது. சூரியனைப் பார்த்து நிக்கிறப்போ கண்ணுல அதிகம் படறது மத்தியானத்துல இல்லை, அது சாய்வா நிக்கிற முற்பகலும் பிற்பகலும்தானாம். கிழக்குக் கரையில முற்பகல்ல கடலைப் பார்த்து நிக்கிறவங்க மூஞ்சிக்கு நேரேதான் அந்தச் சூரியன் நிக்கும்.

இப்ப நம்ம கரையிலயும் அலைச்சறுக்கு வந்தாச்சு. கோவளத்துல மீனவர் மூர்த்தி மேகவன் நண்பர்களோட சேர்ந்து 2012 வாக்குல பள்ளி ஆரம்பிச்சார். மீனவப் பிள்ளைங்க அதுல தேறி வந்தாங்க. 2025 ஆகஸ்ட்ல ஆசிய சாம்பியன்ஷிப் மாமல்லபுரத்துலயே நடந்து, ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். பெருமையான விஷயம். அலைச்சறுக்குப் பள்ளியில முதல் நாளே சொல்லிக் கொடுப்பாங்க: ஆழம் தெரியாத இடத்துல தலைகீழாப் பாயாதே, விழும்போது தட்டையா விழு, மேல வரும்போது ரெண்டு கையாலயும் தலையைப் பொத்திக்கிட்டு வா, பலகை எங்கேன்னு பாத்துக்கோ. களிம்பு, பனியன், தொப்பி எல்லாம் கூடவே வரும். அதே அலையைத் தாண்டி மீனுக்குப் போற அப்பனுக்கும் சித்தப்பனுக்கும் அதையெல்லாம் யாராவது சொன்னா நல்லா இருக்கும். விளையாடப் போறவனுக்கு ஒரு மணி நேர வெயில். பிழைக்கப் போறவனுக்கு ஆயுசு பூரா.

நம்ம பதிவர்கள்ல நிலம் வச்சிருக்கிறவங்க, ஊருக்குப் பணம் அனுப்புறவங்க நிறைய பேர் இருக்கீங்க. அடுத்த குறுவை நடவுக்கு ஆள் விடும்போது கூலி, டீ, வடையோட ஆளுக்கு ஒரு விளிம்புத் தொப்பியும் வாங்கிக் கொடுங்க. முண்டாசுக்கு மேலயே போட்டுக்கலாம், நாடா வச்சதா பாருங்க, குனிஞ்சா விழாது. மீனவ நண்பர்களுக்குக் கறுப்புக் கண்ணாடி வாங்கினா யூவி 400-ன்னு போட்டிருக்கான்னு பார்த்து வாங்குங்க. வெறும் கறுப்புச் சாயம் பூசினது இன்னும் கெடுதல், பாப்பா விரிஞ்சு கதிர் கூடுதலா உள்ளே போகும். நாப்பது வயசுக்கு மேல இருக்கிறவங்களைப் பக்கத்துல நடக்கிற கண் முகாமுக்கு ஒரு தடவை கூட்டிக்கிட்டுப் போங்க.

கடுதாசி எல்லாம் பத்திரமாப் போய்ச் சேர்ந்துருச்சு. சுமந்தவன் கண்ணை இனிமேயாவது பார்ப்போம்.