ஒரு டன் என்றால் எவ்வளவு?

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருப்பவர்கள் காபியோடு உட்காருங்கள், இல்லாதவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு ராத்திரி படியுங்கள்.

போன வருஷம் கத்திரி வெயிலில் என் அம்மாவுக்கு சோடியம் குறைந்து நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். வயது 86. வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் அம்மா படுப்பது மாடி அறையில். மேலே மொட்டை மாடி, பக்கத்தில் மேற்குப் பார்த்த சுவர். அந்த அறையில் இருந்த ஏ.சி. 2010-ல் ஆறாவது ஊதியக் குழு அரியர்ஸில் நான் வாங்கியது. ஒரே வருஷத்தில் இரண்டு தடவை கேஸ் நிரப்பியாயிற்று. "காயில் ஓட்டை, இனிமே இதுக்குச் செலவு பண்ணாதீங்க" என்று மெக்கானிக் கைவிரித்துவிட்டார். டாக்டரோ, அடுத்த கோடைக்கு முன்னால் அறையைக் குளிர்ச்சியாக வையுங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெங்களூரில் இருக்கும் பையன், "ஆன்லைன்ல ஆர்டர் போட்டுடறேம்மா" என்றான். ஆர்டர் போடுவது சுலபம், மாட்டுவது யார்? மூன்று பேரிடம் விலை கேட்பது என்று முடிவு செய்தேன். பள்ளிக்கு பெஞ்சு வாங்கினாலும் மூன்று கொட்டேஷன் வாங்கிப் பழகிய கை.

முதல் ஆள் போனிலேயே முடித்துவிட்டார். "ஒன்றரை டன் போட்டுடலாம் மேடம், 38,500." அறையைப் பார்க்க வேண்டாமா என்றேன். "எல்லா வீட்டுக்கும் ஒன்றரைதான்." சரி, அந்த விலையில் என்னென்ன அடக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். மாட்டும் கூலி 1,500 தனி. வெளி யூனிட்டுக்கு ஸ்டாண்டு 800. பெட்டியோடு வருவது மூன்று மீட்டர் செம்புக் குழாய், எங்களுக்கு ஐந்து வேண்டும், மீதி இரண்டு மீட்டருக்கு 1,800. ஸ்டெபிலைசர் 2,600. கூட்டிப் பார்த்தால் 45,200. ஐந்தாம் வகுப்புக் கூட்டல்தான், ஆனால் கேட்காவிட்டால் யாரும் போட்டுக் காட்டுவதில்லை.

இரண்டாமவர் நேரில் வந்தார். மாடிக்கு ஏறி வெயிலைப் பார்த்ததும், "இதுக்கு ரெண்டு டன் இல்லாம ஆகாது மேடம்" என்று அச்சடித்த தாளில் 58,000 எழுதிக் கொடுத்தார். தாளில் வரி 28 சதவீதம். ஏ.சி.க்கு வரியை 18 ஆகக் குறைத்தது 2025 செப்டம்பரில். அதைச் சொன்னதும், "பழைய பில் புக்கு மேடம்" என்று சிரித்துக்கொண்டே அடித்துவிட்டு 53,500 என்று மாற்றினார். அவரிடம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். "தம்பி, டன்னு சொல்றீங்களே, எதுக்கு டன்? மெஷினோட எடையா?" அவர் யோசித்தார். "கூலிங் பவர் மேடம்." அதை எதற்கு டன்னில் அளக்க வேண்டும்? பதில் வரவில்லை. அவர் மேல் குற்றமில்லை. எனக்கும் ரொம்ப நாள் தெரியாது.

இந்த டன் நிஜமாகவே ஐஸ் டன். 2003-ல் பிள்ளைகளைச் சென்னைக்குச் சுற்றுலா அழைத்துப் போனபோது மெரினாவில் அந்த வட்டமான கட்டடத்துக்குள் நின்றிருக்கிறேன். விவேகானந்தர் இல்லம் என்று பெயர். ஆனால் பஸ் கண்டக்டர் இன்றைக்கும் "ஐஸ் ஹவுஸ்" என்றுதான் குரல் கொடுப்பார். பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கும் அதே பெயர். கடற்கரையில் ஐஸ் வீடு எதற்கு என்று ஒரு பையன் கேட்டான். அன்றைக்கு நான் சொன்ன பதில் அரைகுறை. இப்போது முழுசாகச் சொல்கிறேன், அவன் இதைப் படிக்கிறானோ என்னவோ.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து வியாபாரி ஃபிரடெரிக் டியூடர். பனிக்காலத்தில் அங்கே குளமெல்லாம் உறைந்து கிடக்கும், காசில்லாமல் கிடைக்கிற சரக்கு. அதை வெட்டி வெப்ப நாடுகளில் விற்றால் என்ன என்று 1806-ல் மார்ட்டினிக் தீவுக்கு ஒரு கப்பல் அனுப்பினார். ஊரே சிரித்தது. நஷ்டப்பட்டார், கடன்பட்டார், கடனுக்காகச் சிறைக்கும் போனார், ஆனாலும் விடவில்லை. 1833 மே மாதம் டஸ்கனி என்ற கப்பலில் 180 டன் பனிக்கட்டியைப் பொதிந்து கல்கத்தாவுக்கு அனுப்பினார். நாலு மாதப் பயணம். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு, பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்டி, செப்டம்பரில் வந்து சேர்ந்தபோது சுமார் 100 டன் கரையாமல் மிச்சம் இருந்தது. பொதிந்து வைத்த விதம் செய்த வேலை.

அந்த வியாபாரம் மெட்ராஸுக்கும் வந்தது. சரக்கை வைக்கக் கடலோரத்தில் 1842-ல் கட்டியதுதான் நம் ஐஸ் ஹவுஸ். கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் மூன்று ஊரிலும் இப்படிக் கட்டினார்கள், இன்றைக்கு நிற்பது நம்முடையது மட்டும். ஐஸ் வெட்டிய குளங்களில் ஒன்று வால்டன் குளம். அதன் கரையில் குடிசை போட்டு வாழ்ந்த தோரோ 1854-ல் எழுதிய புத்தகத்தில் அந்த ஐஸ் வெட்டும் கூட்டத்தைப் பற்றி எழுதும்போது மெட்ராஸ் பெயரும் வருகிறது. துரைமார்களின் கிளாஸுக்குள் போன ஐஸ்தான் அது. நம்மூர் ஜனங்களுக்கு வெட்டிவேர்த் தட்டியும் மண்பானையும்தான். துரைமார்களின் கச்சேரியிலும் பங்களாவிலும் கூரையில் துணி விசிறியைக் கட்டி, அதன் கயிற்றை நாள் முழுக்க இழுத்துக்கொண்டு தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த பங்கா இழுப்பவனுக்கு அந்தக் காற்று கொஞ்சமும் வரவில்லை.

1874-ல் மெட்ராஸிலேயே ஐஸ் தயாரிக்கும் கம்பெனி வந்ததும் கப்பல் ஐஸ் வியாபாரம் படுத்தது. கட்டடத்தை வாங்கியவர் வக்கீல் பிலிகிரி ஐயங்கார். 1897-ல் மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் அங்கேதான் தங்கினார். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு நெருக்கமானது. சிறுவயதிலேயே கணவனை இழந்தவர் சகோதரி சுப்புலட்சுமி. 1911-ல் பட்டம் பெற்று, தன்னைப் போன்ற சின்னப் பெண்களைச் சேர்த்து விடுதி நடத்தினார். அந்த விடுதி இருந்தது இதே ஐஸ் ஹவுஸில். தலையை மழித்து மூலையில் உட்கார வைக்கப்பட வேண்டிய பெண்கள் அங்கே இருந்து படித்து டீச்சர் ஆனார்கள். இரண்டு வருஷ ஆசிரியப் பயிற்சி முடித்து வெளியே வந்தபோது எனக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்த பிறகு, அந்தக் கட்டடத்தைப் பார்த்தால் எனக்கு ஐஸும் ஞாபகம் வருவதில்லை, விவேகானந்தரும் அப்புறம்தான்.

சரி, டன்னுக்கு வருகிறேன். குளிர்விக்கும் மெஷின் வந்தபோது வாங்குகிறவர்கள் கேட்டது ஒரே கேள்வி: இது ஒரு நாளைக்கு எத்தனை டன் ஐஸுக்குச் சமம்? அவர்களுக்குத் தெரிந்த அளவு அதுதான். ஆகவே ஒரு அமெரிக்க டன், அதாவது 2,000 பவுண்டு, நம் கணக்கில் 907 கிலோ ஐஸ், 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுத்துக்கொள்ளுமோ அதுவே "ஒரு டன்". ஒரு பவுண்டு ஐஸ் உருக 144 பி.டி.யு. வெப்பம் வேண்டும். 2,000 பவுண்டுக்கு 2,88,000. அதை 24-ஆல் வகுத்தால் மணிக்கு 12,000. கொட்டேஷனில் 12,000 என்று போட்டிருப்பார்களே, அந்த எண் பிறந்த இடம் இதுதான். கல்கத்தாவில் இறங்கிய 100 டன் ஐஸ் முழுவதையும் எங்கள் மாடி அறைக்குக் கொண்டுவந்து அடுக்கினால், ஒரு டன் ஏ.சி. 100 நாள் விடாமல் முழு வேகத்தில் ஓடிய மாதிரி. அம்மாவின் ஒரு கோடைக்கு ஒரு கப்பல்!

இன்னொரு விஷயம். மனிதர்கள் வியர்க்கிறார்களே என்று பரிதாபப்பட்டு நவீன ஏ.சி.யைக் கண்டுபிடிக்கவில்லை. 1902-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு அச்சகம். காற்றின் ஈரத்தில் காகிதம் விரிந்து சுருங்கியதால் வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழவில்லை. அந்த ஈரத்தைக் கட்டுப்படுத்தத்தான் 25 வயது வில்லிஸ் கேரியர் தன் முதல் அமைப்பை வரைந்தார். நம் சிவகாசி அச்சுக்குப் பெயர் வாங்கியதற்கு அங்கத்து வறண்ட காற்றும் ஒரு காரணம். காகிதத்துக்கு இருந்த யோகம் அப்படி.

மூன்றாமவர் ஐ.டி.ஐ. படித்தவர், சின்ன கடை. வந்ததும் டேப் எடுத்து அறையை அளந்தார். பத்துக்குப் பதினொன்று. மத்தியானம் மூன்று மணிக்கு மறுபடி வந்து உள்பக்கமாகக் கூரையைத் தொட்டுப் பார்த்தார். "டீச்சர், உங்க அறை சின்னது. சூடு கூரையில இருந்து இறங்குது. மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடிங்க, ஒரு டன்னே போதும். ரெண்டு டன் போட்டா சட்டுனு குளிர்ந்து நின்னுடும், ஈரம் போகாது, பாட்டிக்குக் கசகசன்னு இருக்கும்." கோடு போட்ட நோட்டுத் தாளில் வரிவரியாக எழுதித் தந்தார்: மெஷின், குழாய், ஸ்டாண்டு, கூலி, வரி. மொத்தம் 43,400. பூச்சு வேலை அவருடையது இல்லை, கொத்தனாரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். தனக்கு வராத காசுக்கு யோசனை சொன்ன ஆள் மூன்று பேரில் இவர் ஒருவர்தான்.

ஆனால் நான் அவரை எடுத்தது அதற்காக மட்டும் இல்லை. பழைய மெஷினை எப்படிக் கழற்றுவீர்கள் என்று மூவரிடமும் கேட்டிருந்தேன். முதல் ஆள், "கேஸை அவுத்து விட்டுட்டு எடுத்துடுவோம், அஞ்சு நிமிஷம்" என்றார். அந்த மெஷினில் இருப்பது ஆர் 22. அதில் குளோரின் இருக்கிறது, ஓசோனைத் தின்னும். ஓசோனைக் காக்க 1987 செப்டம்பர் 16-ல் மாண்ட்ரியலில் ஒப்பந்தம் போட்டார்கள். வருஷா வருஷம் அந்தத் தேதியில் பிள்ளைகளைச் சார்ட் வரையச் சொல்லிச் சுவரில் ஒட்டியவள் நான். கரியமில வாயுவை விட சுமார் 1,800 மடங்கு பூமியைச் சூடாக்கும் சரக்கை என் மாடியிலேயே காற்றில் விட்டுவிட்டு, வெயில் ஜாஸ்தியாகிவிட்டது என்று புலம்ப முடியுமா? புது மெஷினில் இருக்கும் ஆர் 32 ஓசோனைத் தொடாது. ஆனால் அதுவும் 675 மடங்கு, சாது என்று சொல்ல முடியாது.

மூன்றாமவர் மெல்லிய குழாயின் வால்வை மூடி, கம்ப்ரசரை ஓடவிட்டு, மிச்சமிருந்த கேஸை வெளி யூனிட்டுக்குள் இழுத்துக்கொண்டு, அடுத்த வால்வையும் மூடினார். கடைக்குக் கொண்டுபோய் சிலிண்டரில் இறக்குவாராம். "பழைய மெஷின் வெச்சிருக்கறவங்களுக்கு இது இப்ப கிடைக்கறதே கஷ்டம் டீச்சர்." லாபத்துக்குத்தான் செய்கிறார். செய்யட்டுமே.

மாடிக்கு வெள்ளை அடித்தாயிற்று, வெறுங்காலோடு மத்தியானத்தில் நடக்க முடிகிறது. மெஷினும் மாட்டியாயிற்று. போட்டதும் 24-ல் நிற்கிறது, 2020-லிருந்து அரசு விதி அப்படி. அம்மா அரை மணி நேரம் பார்த்தார். "போதும், நிறுத்துடி. கரண்ட் பில்லை யார் கட்டறது? ஃபேனைப் போடு." பிறகு நான் 27-ல் வைத்துவிட்டு ரிமோட்டை ஒளித்து வைத்திருக்கிறேன்.

வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடித்த நண்பர்கள் இருந்தால், எத்தனை வருஷம் தாங்குகிறது, சுண்ணாம்பா பெயிண்டா எது நிற்கிறது என்று கமென்ட்டில் சொல்லுங்கள். கீழ் வீட்டுக்காரரும் கேட்கிறார்.